வாழைநாரில் எபாக்சி உறுதியாக ஒட்ட: நார்–ரெசின் பிணைப்பை மேம்படுத்தும் முழுமையான வழிகாட்டி

காம்போசிட் (நாரை ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினில், பதித்துச் செய்யும் பொருள்) மாதிரி ஒன்று எதிர்பார்த்த சுமையில் பாதியைக்கூடத் தாங்காமல் ஒடிந்தால், பலரும் முதலில் ரெசினைக் குறை சொல்வார்கள். அப்புறம் நாரை. ஆனால் ஒடிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நார்கள் மழமழவென்று, ரெசின் ஒரு பொட்டுகூட ஒட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறதா? எதிர்ப்பக்கத்தில் அவை உருவி வந்த துளைகள் சுத்தமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் ரெசினும் உடையவில்லை, நாரும் அறுபடவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைதான் விட்டுக்கொடுத்திருக்கிறது.

இந்த வழிகாட்டி அந்த எல்லையைப் பற்றியது. உதாரணத்துக்கு வாழைநாரையும் எபாக்சி என்ற ரெசினையும் எடுத்துக்கொள்கிறேன். தேனி, திருச்சி, தூத்துக்குடிப் பக்கம் வாழைத்தண்டு மலையாகக் குவிகிறது. பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் அதிகம் கையில் எடுக்கும் நார்களில் இதுவும் ஒன்று. முறைகளில் பெரும்பாலானவை கற்றாழை நாருக்கும் சணலுக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும். கண்ணாடி இழை, கார்பன் இழை இரண்டுக்கும் கணக்கு வேறு. அதையும் பின்னால் சொல்கிறேன்.

நாரும் ரெசினும் ஏன் ஒட்ட மறுக்கின்றன?

வாழைநாரின் பெரும்பகுதி செல்லுலோஸ். அதன் மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் குழுக்கள். அவை தண்ணீரை விரும்பி இழுப்பவை. சாதாரணமாகக் காற்றில் கிடக்கும் நாரிலேயே எடையில் 8 முதல் 12 சதவீதம் வரை ஈரம் இருக்கும். கெட்டியான எபாக்சி தண்ணீரோடு அவ்வளவு நெருக்கம் காட்டாது. இது முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் நாரின் மேல்தோல். மெழுகு, பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், தண்டிலிருந்து வந்த சாற்றின் கறை எல்லாம் அங்கே படிந்திருக்கும். ரெசின் போய் ஒட்டுவது இந்தப் படிவத்தில்தான், நாரில் அல்ல. படிவம் பெயர்ந்தால் ரெசினும் அதோடு பெயர்ந்துவிடும்.

பிணைப்பு பலவீனமாக இருந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நார் தன் முழு வலிமையைக் காட்ட ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். அதை முக்கிய நீளம் என்பார்கள். சூத்திரம் இதுதான்: முக்கிய நீளம் = நாரின் இழுவலிமை × விட்டம் ÷ (2 × எல்லையின் ஷியர் வலிமை). ஷியர் வலிமை என்பது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் பிரியாமல் தாங்கும் திறன். இழுவலிமை 500 மெகாபாஸ்கல், விட்டம் 0.2 மி.மீ., எல்லையின் ஷியர் வலிமை 5 மெகாபாஸ்கல் என்று வைத்தால் 10 மி.மீ. வரும். பிணைப்பு பாதியாகி 2.5 மெகாபாஸ்கலானால் 20 மி.மீ. ஆகிவிடும். நீங்கள் நாரை 10 மி.மீ. துண்டுகளாக நறுக்கிப் போட்டிருந்தால், அதில் ஒரு துண்டுகூடத் தன் முழு வலிமையை எட்டாது. இழுத்தால் எல்லாம் உருவிக்கொண்டு வரும். பிணைப்பை 10 மெகாபாஸ்கலுக்கு உயர்த்தினால் தேவைப்படும் நீளம் 5 மி.மீ.தான். நாரும் அதே நார், ரெசினும் அதே ரெசின். எல்லை மட்டும் மாறியிருக்கிறது.

படி 1: நாரைத் தேர்ந்து சுத்தம் செய்தல்

ஒரே தொகுதி நாரை மட்டும் பயன்படுத்துங்கள். வாழையின் ரகம், தண்டின் வெளி உறையா உள் உறையா, இயந்திரத்தில் உரித்ததா கையால் சுரண்டியதா என்பதைப் பொறுத்து நாரின் விட்டமும் வலிமையும் மாறும். போன மாதம் வாங்கிய நாரைப் பதப்படுத்தாமலும் இந்த மாதம் வாங்கியதைப் பதப்படுத்தியும் ஒப்பிட்டால், கிடைக்கும் முடிவுக்கு அர்த்தம் இருக்காது.

தண்டின் சதைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் சீப்பால் வாரி எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, நிழலில் உலர்த்தி, எடை பாருங்கள். அந்த எடையை எழுதி வையுங்கள். பதப்படுத்திய பிறகு எவ்வளவு எடை குறைந்தது என்பது வெறும் கண்ணால் தெரியாத பல விஷயங்களைச் சொல்லும்.

படி 2: காரப் பதப்படுத்தல்

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நாரை ஊறவைக்கும் இந்த முறை பழையது. ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் பருத்தித் துணியைக் காரத்தில் பதப்படுத்தும் முறைக்கு 1850-ல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால்தான் இன்றும் மெர்சரைசேஷன் என்கிறோம். நமக்கு இது மூன்று வேலைகளைச் செய்து தருகிறது. மெழுகையும் பெக்டினையும் ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியையும் கரைத்து எடுக்கிறது. பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. ஒரு நார் என்று நாம் கையில் பிடிப்பது உண்மையில் பல நுண்ணிழைகளின் கட்டு. அதைக் கொஞ்சம் பிரித்துவிட்டு ரெசின் தொடும் பரப்பை அதிகமாக்குகிறது.

செய்முறை இப்படி. 100 கிராம் நாருக்கு 2 லிட்டர் தண்ணீர். 5 சதவீதக் கரைசலுக்கு 100 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள். தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுத்து, வில்லைகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். வில்லைகளின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காரம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கரைசல் அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு நாரைப் போட்டு முழுதும் மூழ்கும்படி அழுத்தி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். கரைந்து வருவது ஹெமிசெல்லுலோஸும் லிக்னினின் ஒரு பகுதியும்தான். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யாரோ எழுதிய கட்டுரையில் 5 சதவீதம், 4 மணி நேரம் என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய நாரின் தடிமன் வேறு, ரகம் வேறு. உங்கள் நாருக்கு நீங்களே பார்த்துவிடுவது நல்லது. 2, 5, 8 சதவீதம் என மூன்று கரைசல்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி, 1 மணி, 4 மணி நேரம். சின்னச் சின்னக் கட்டுகளாகப் போட்டு எடுத்து, ஒற்றை நாரின் இழுவலிமையைச் சோதியுங்கள். மிதமான பதப்படுத்தலில் வலிமை கொஞ்சம் கூடலாம், அல்லது அப்படியே இருக்கலாம். அளவு மீறினால் நுண்ணிழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினும் போய்விடும். நார் உதிரும், வலிமை சரியும். காரம் மிகவும் கூடினால் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறிவிடும். விரலில் சுற்றும்போது நார் பிரிபிரியாகப் பிளந்தால் நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள்.

அலசுவதில் அவசரம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் வழவழப்பு போகும்வரை அலசி, 1 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலில் சில நிமிடம் முக்கி, மறுபடியும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடைசியாக வடியும் தண்ணீரில் பிஎச் தாள் 7 காட்ட வேண்டும். நாரில் மிச்சமிருக்கும் காரம் அடுத்த கட்டத்தில் பூசும் சைலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளையும் கெடுக்கும், பின்னாளில் ஈரத்தை இழுத்து எல்லையையும் கெடுக்கும். பழுப்புக் கரைசலையும் சாக்கடையில் அப்படியே கொட்டாதீர்கள். அமிலம் சேர்த்து நடுநிலையாக்கிய பிறகே அகற்ற வேண்டும்.

எஃப்டிஐஆர் கருவி (அகச்சிவப்பு ஒளியால் வேதிக் குழுக்களைக் காட்டுவது) கையில் இருந்தால், பதப்படுத்தாத நாரில் 1735 செ.மீ⁻¹-ஐ ஒட்டி வரும் முகடு காணாமல் போகிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸின் அடையாளம். முகடு அப்படியே நின்றால் காரம் வேலை செய்யவில்லை. வில்லைகள் காற்றுப்பட்டு ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு.

படி 3: சைலேன் பூச்சு

காரம் பரப்பைத் தயார் செய்கிறது, அவ்வளவுதான். நாரையும் ரெசினையும் வேதியியல் முறையில் கைகோக்க வைப்பது சைலேன். இதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை தண்ணீரில் சைலனாலாக (ஹைட்ராக்சில் ஏறிய வடிவமாக) மாறி நாரின் ஹைட்ராக்சில் குழுக்களைப் பிடிக்கும். மறுமுனை ரெசினோடு சேர்ந்து கெட்டியாகும்.

அதனால் ரெசினைப் பார்த்துத்தான் சைலேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எபாக்சிக்கு அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சி சைலேன் அல்லது கிளைசிடாக்சி வகை. மற்ற ரெசின்களான பாலியெஸ்டருக்கும் வினைல் எஸ்டருக்கும் மெத்தாக்ரிலாக்சி அல்லது வினைல் வகை. மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் தொங்கும்.

எத்தனாலும் தண்ணீரும் 80-க்கு 20 என்ற விகிதத்தில் எடுத்து, அதில் 1 சதவீதம் சைலேனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். எத்தனால் வாங்க அனுமதி கிடைக்காத இடங்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வைத்துச் செய்யலாம். கிளைசிடாக்சி, மெத்தாக்ரிலாக்சி வகைகளுக்கு அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச்-ஐ 4 முதல் 5-க்குள் கொண்டுவர வேண்டும். அமினோ சைலேனுக்கு அமிலம் தேவையில்லை. அதன் அமினோ முனையே வினையைத் தூண்டிவிடும். ஒரு மணி நேரம் கலக்கிய பிறகு நாரை முக்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் சைலனால்கள் தங்களுக்குள்ளேயே பிணைந்துவிடும். கரைசல் கலங்கலாகத் தெரிந்தால் அதை நம்ப வேண்டாம்.

எடுத்த நாரை ஆல்கஹால் வாடை முழுதும் போகும்வரை காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். ஆல்கஹால் ஈரத்தோடு அடுப்புக்குள் வைத்தால் தீப்பிடிக்கும். அதன்பிறகு 110 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். இந்தச் சூட்டைத் தவிர்த்துவிடுபவர்கள் நிறைய. ஆனால் செல்லுலோஸில் சைலேன் முதலில் ஹைட்ரஜன் பிணைப்பால்தான் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடுதான் அதை உறுதியான பிணைப்பாக்குகிறது. சூடு இல்லாமல் செய்த சைலேன் பூச்சு, பணத்தைக் கரைசலில் கரைத்ததற்குச் சமம்.

சைலேனைக் கூட்டினால் பிணைப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம். தடித்த படலம் தனி அடுக்காக நின்று தானே உடையும்.

படி 4: உலர்த்துதல்

என்னைக் கேட்டால், மொத்த வேலையில் அதிகப் பலன் தருவதும் குறைந்த செலவு பிடிப்பதும் இதுதான். சைலேன் வாங்க வசதியில்லாத பட்டறையில்கூட இதை ஒழுங்காகச் செய்தாலே மாதிரிகளின் தரம் மாறிவிடும்.

100 கிராம் நாரில் 10 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எபாக்சி கெட்டியாகும்போது சூடு வரும். அந்த ஈரம் ஆவியாகி எல்லையிலேயே குமிழாக நிற்கும். குமிழாகாத ஈரமும் சும்மா இருக்காது. ஊதிப்போன நாரைச் சுற்றி ரெசின் கெட்டியாகிறது, பிறகு நார் உலர்ந்து சுருங்குகிறது, நடுவில் மயிரிழை இடைவெளி விழுகிறது. பாலியெஸ்டரில் ஈரம் கெட்டியாவதையே தடுக்கும்.

80 டிகிரி அடுப்பில் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு எடைகளுக்கு இடையே மாற்றம் இல்லாதபோது நிறுத்தலாம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதைவிட தராசைப் பார்த்து நிறுத்துவதே சரி. எடுத்ததும் சூட்டோடு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், அதுவும் சென்னை மாதிரிக் கடலோர ஊரில், மேசை மேல் திறந்து வைத்த நார் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரெசினைக் கலக்கத் தயாரான பிறகே டப்பாவைத் திறங்கள்.

படி 5: ரெசினில் நனைத்தல்

எல்ஒய் 556 எபாக்சியும் அதைக் கெட்டியாக்கும் எச்ஒய் 951 ஹார்டனரும் நம் ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் ஜோடி. எடையில் 10-க்கு 1. தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும், கண்ணளவு உதவாது. ஹார்டனர் அமின் வகை. தோலில் படப்பட ஒவ்வாமை வரும், கையுறை கட்டாயம். ஒரே டம்ளரில் அதிகமாகக் கலக்கினால் தானாகவே சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். சிறிய அளவுகளாகக் கலக்குங்கள். பாலியெஸ்டர் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரெசினை வேகமாக இறுக்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் எம்இகேபி (பெராக்சைடு) வினையூக்கியையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

தகடு ஒட்டாமல் கழன்று வர மோல்டில் (அச்சில்) ரிலீஸ் ஏஜென்டாகத் தடவும் மெழுகு நாரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் ஏஜென்ட் தடவிய கையுறையோடு நாரை எடுத்து அடுக்கினால், காரத்தில் போக்கிய மெழுகை நீங்களே திரும்பப் பூசுகிறீர்கள். இரண்டு வேலைக்கும் வேறு வேறு கையுறை போடுங்கள்.

மோல்டில் முதலில் ரெசின், அதன் மேல் நார், ரோலரால் மெதுவாக உருட்டல். ரெசின் கீழிருந்து நாருக்குள் ஏறி மேலே கசிய வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேற வழி கிடைக்கும். வெளிறிய திட்டுகள் தெரிந்தால் அங்கே ரெசின் போய்ச் சேரவில்லை. அழுத்தம் கொடுத்து 24 மணி நேரம் விட்டு, பிறகு 80 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் ரெசின் முழுமையாக இறுகும்.

மற்ற இழைகளுக்கு

கண்ணாடி இழைக்குத் தொழிற்சாலையிலேயே சைலேன் கலந்த பூச்சு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். அதைக் கழுவாதீர்கள், எரிக்காதீர்கள். வாங்கும்போது எந்த ரெசினுக்கானது என்று கேட்டு வாங்குவதே உங்கள் வேலை. குறிப்பாக, பாலியெஸ்டருக்கான சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டில் (நறுக்கிய இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பில்) இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டிருக்கும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. அந்தப் பசை சரியாகக் கரையாமல் மேட் விறைப்பாகவே நிற்கும். கார்பன் இழையும் அப்படித்தான். பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து, பெரும்பாலும் எபாக்சிக்கு ஏற்ற பூச்சோடு வருகிறது. பாலிபுரொப்பிலீனில் இயற்கை நாரைக் கலப்பவர்கள், மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலீனை 2 முதல் 5 சதவீதம் சேர்த்தால் போதும்.

படி 6: பிணைப்பை அளத்தல்

தகட்டின் இழுவலிமை கூடியதென்றால் பிணைப்பு கூடியது என்று எழுதிவிடுகிறார்கள். நாரின் அளவு, குமிழிகள், நாரின் திசை எல்லாமே அந்த எண்ணை மாற்றக்கூடியவை. எல்லையை நேரடியாக அளக்க ஒற்றை நார் உருவும் சோதனை இருக்கிறது. நாரைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் 2 மி.மீ. ஆழம் மட்டும் எபாக்சியில் புதைத்து, இறுகிய பிறகு மெதுவாக இழுங்கள். உருவிய விசையை, புதைந்த பரப்பால் வகுத்தால் ஷியர் வலிமை. 0.2 மி.மீ. விட்டமுள்ள நார் 2 மி.மீ. ஆழத்திலிருந்து 4 நியூட்டனில் உருவி வந்தால் விடை ஏறத்தாழ 3.2 மெகாபாஸ்கல். எபாக்சி நாரின் மேல் கொஞ்சம் ஏறிப் படர்ந்திருக்கும். அதனால் புதைந்த நீளத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்து எடுங்கள். ஆழமாகப் புதைத்தால் நார் உருவுவதற்குப் பதில் அறுபடும்: மேலே சொன்ன 500 மெகாபாஸ்கல் நார் சுமார் 15.7 நியூட்டனில் அறுந்துவிடும்.

தகடாகச் சோதிக்க ஏஎஸ்டிஎம் தர நிர்ணய அமைப்பின் டி 2344 ஷார்ட் பீம் சோதனை (குட்டையான துண்டை இரு தாங்கிகளில் வைத்து நடுவில் அழுத்துவது) உதவும். தாங்கிகளுக்கு இடையிலான தூரம் தடிமனைப்போல நான்கு மடங்கு. பதப்படுத்தியது, பதப்படுத்தாதது இரண்டிலும் நாரின் அளவும் உலர்த்திய விதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வகைக்கு ஐந்து மாதிரிகளாவது வேண்டும். எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படத்தில் நாரின் மேல் ரெசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அழகான ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துப் போடாமல், பல இடங்களைப் பாருங்கள்.

தாக்குவலிமையையும் சேர்த்துச் சோதியுங்கள். பிணைப்பு மிக இறுகினால் விரிசல் நாரில் திசை திரும்பாமல் நேராக வெட்டிக்கொண்டு போகும். நார் உருவும்போது செலவாகும் ஆற்றலும் இல்லாமல் போகும். தகடு வலுவாகவும், அதே நேரம் படாரென்று உடைவதாகவும் ஆகிவிடும். குண்டு துளைக்காத கவசத்தில் கெவ்லார் இழைகளை வேண்டுமென்றே தளர்வாகப் பிணைப்பது இதனால்தான். உங்கள் பொருள் ஹெல்மெட்டா, மேசைப் பலகையா என்பதை வைத்துத்தான் எவ்வளவு பிணைப்பு வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக நீர்ச் சோதனை. ஏஎஸ்டிஎம் டி 570 முறையில் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எடை எவ்வளவு கூடியது என்று பார்த்துவிட்டு, அதே ஈரத்தோடு ஷார்ட் பீம் சோதனையையும் செய்யுங்கள். காரம் மட்டும் பட்ட மாதிரி, காரமும் சைலேனும் பட்ட மாதிரி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். உலர்ந்த நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டி, நனைந்த பிறகு முதலாவது மட்டும் அதிகம் சரிந்தால், அங்கே இருந்தது பெரும்பாலும் சொரசொரப்பு தந்த பிடிமானம். சைலேன் தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டும் ஒரே அளவு சரிந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். முதலில் பார்க்க வேண்டியவை கரைசலின் பிஎச்சும் 110 டிகிரிச் சூடும்.